இருபத்தெட்டின் மணிக்கட்டு

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இருபத்தெட்டு’ என்றால்தான் தெரியும். அது அவர் வயதும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. பால் சேகரிப்பு நிலையத்தில் அவர் பரிசோதகர். லாக்டோமீட்டர் என்கிற கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். இருபத்தெட்டில் நின்றால் கேன் உள்ளே போகும். அதற்குக் கீழே என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கேன் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். “இருபத்தேழரை இருக்கே சார்” என்று இழுத்தவர்களிடம், “மீதி அரை எங்க, உங்க வீட்டுக் குழாயிலயா?” என்று கேட்பார். முப்பத்தோரு வருடம் இதே வேலை, இதே கேள்வி.

கூடப்பிறந்த பாவத்துக்கு என் தம்பி இரண்டு மாடு வைத்திருந்தான். ஒருநாள் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது அவன் கேனையும் திருப்பி அனுப்பினார் இந்த மனிதர். “மாமா, நான்தான் மாமா!” என்று அவன் பல்லைக் காட்டியிருக்கிறான். “தெரியுது. தண்ணியும் தெரியுது” என்றாராம். மழை பெய்து கேனுக்குள் விழுந்துவிட்டது என்று தம்பி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான். ஆறு மாதம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிறகு வந்தபோது நான் இவரிடம் கேட்டேன். “குடிக்கத் தண்ணி குடுக்கலாமா, இல்ல அதுக்கும் குழாய் விட்டுப் பாக்கணுமா?” அவர் சிரிக்கவில்லை. அவருக்கு இதெல்லாம் சிரிப்பு விஷயமே இல்லை.

வேலையில் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு அது ஆளுக்குள்ளேயே ஊறிவிட்டது. சோப்பு வாங்கினால் எடை போட்டுப் பார்ப்பார். பல்பு வாங்கினால் கடையிலேயே மாட்டி எரியவிடச் சொல்வார். எதிர்வீட்டுக்காரர் “சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டால் போதும், “இவன் ஏன் இன்னிக்குக் கேக்கறான்?” என்று சாயங்காலம்வரை குடைவார். வீட்டுக்குப் பால் மட்டும் நிலையத்திலிருந்து அவரே சோதித்து, அவரே தூக்கில் பிடித்து, அவரே கொண்டு வருவார். காலையில் ஒரு டம்ளர், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு டம்ளர். நான் காய்ச்சிச் சர்க்கரை போட்டுக் கொடுப்பேன். டீ, காபி கிடையாது. அதில் என்ன கலக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஐம்பத்தாறு வயதில் நெஞ்சு அடைத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டும், நின்றால் சரியாகும். வாயு என்று பத்து நாள் ஓட்டினார். பதினோராம் நாள் நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னார். காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். ரெடிமேட் கம்பெனிக்கு நான் வீட்டிலிருந்து காஜா எடுத்துக் கொடுக்கிறேன். அன்றைக்கு அந்தச் சட்டை பாதிக் காஜாவோடு மூன்று நாள் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் பார்த்தார். சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை விட்டுப் படம் பார்க்கப்போவதாகச் சொன்னார்.

“அப்ப ஒரு ஊசி போடுவோம். ரத்தம் நீர்க்கறதுக்கு” என்றார்.

இவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பவருக்குக் கேடுகாலம்.

“என்னது? ரத்தத்துல நீர் கலக்கறீங்களா?”

“கலக்கறது இல்ல சார். நீர்க்க வைக்கறது. கை ரத்தக்குழாய் அடைச்சுக்காம இருக்கணும்ல?”

“ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்? எவ்வளவு நீர்க்கும்? எத்தனை டிகிரி இறங்கும்?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டருக்கு அவர் தொழில் தெரியாது. மனிதர் காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்திருப்பார். நான்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கையெழுத்துப் போட வைத்தேன். நாலு பக்கத் தாளை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டார். பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

படம் பார்த்து முடிந்தது. இரண்டு இடத்தில் அடைப்பு. ஒன்று பெரியது, அதற்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும். ஆனால் சிறுநீரகப் பரிசோதனை அளவு கொஞ்சம் ஏறியிருந்ததால் அன்றைக்கே வேண்டாம், ஐந்து வாரம் கழித்து இதே கை வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இடது கையில் பழைய வண்டி விபத்தில் பிளேட் வைத்திருக்கிறது. அந்தக் குழாய் நூல்போல இருந்தது. கால் வழிக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருந்தது. மிச்சம் இருந்த ஒரே வழி வலது மணிக்கட்டு.

“அதுவும் இல்லேன்னா?” என்று நான் கேட்டேன்.

“நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன்.”

“அது நடக்காது. மூடி திறந்த கேனை நான் யார் கையிலயும் ஒப்படைச்சது இல்ல” என்றார் இவர், படுத்தபடியே.

நான் சிரிக்கவில்லை. இந்த மனிதர் சொன்னால் சொன்னதுதான். நெஞ்சைத் திறக்க விடமாட்டார். வீட்டுக்கு வந்து அந்த அடைப்போடு உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் யாராவது ஆள் வந்து என்னிடம் சொல்வார்கள். அந்த மணிக்கட்டுக் குழாய் திறந்திருக்கிறவரைதான் எனக்குப் புருஷன் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அதைத்தான் அன்றைக்குச் சாயங்காலமே கெடுத்தார். குழாய் போட்ட இடத்தில் ரத்தம் நிற்பதற்காகக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தார்கள். அதற்குள் காற்று அடைத்த சின்னத் தலையணை. நேரத்துக்கு நேரம் சிஸ்டர் வந்து சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை எடுப்பார். முதல் தடவை எடுத்தபோது ஒரு சொட்டு ரத்தம் எட்டிப்பார்த்தது. அவ்வளவுதான். அதோடு, தலைமாட்டில் தொங்கிய தாளில், அந்த ஊசி ‘ஐயாயிரம் யூனிட்’ என்று எழுதியிருந்ததையும் படித்துவிட்டார்.

“ஐயாயிரமா! இதுக்குத்தான் ரத்தம் நிக்க மாட்டேங்குது. இவங்க நீர்க்கவும் விடுவாங்க, மேல கட்டினதை அவுக்கவும் செய்வாங்களா?”

அடுத்த தடவை சிஸ்டரைக் கிட்டே விடவில்லை. “விட்டுடுங்க, நானே பாத்துக்கறேன்” என்று பட்டை மேல் இடது கைக் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “சார், ரொம்ப இறுக்கினா உள்ள ரத்த ஓட்டம் நின்னு குழாயே மூடிக்கும்” என்று சிஸ்டர் மூன்று முறை வந்து சொன்னார். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சிஸ்டர் வேறு ஆளைக் கூட்டிவரப் போனார். வார்டில் எங்கோ ஒரு அவசரம். வருவதற்குள் நேரம் ஓடிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் தளர்ந்திருக்க வேண்டிய பட்டை ஆறு மணி நேரம் இறுகியே கிடந்தது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தக் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

மறுநாள் காலை சிஸ்டர் வந்து அவர் கட்டைவிரலில் கிளிப் ஒன்றை மாட்டினார். சின்னத் திரையில் ஒரு கோடு அலைஅலையாக ஓடியது. பிறகு சிஸ்டர் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டை அழுத்தினார். அலை அப்படியே படுத்துவிட்டது.

“அடைச்சிருக்கு” என்றார் சிஸ்டர்.

“யார் சொன்னது? நாடி துடிக்குதே!” இவர் தன் மணிக்கட்டைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு, “இந்தா, நீ பாரு” என்று என்னிடமும் நீட்டினார். நானும் தொட்டேன். துடித்தது. எனக்கே சிஸ்டர்மேல் சந்தேகம் வந்தது.

டாக்டர் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். ரோஸ் நிறம், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. “அடைச்ச குழாய் பெரும்பாலும் இதுல திறந்துக்கும். இதுவும் ரத்தம் நீர்க்கறதுக்குத்தான். விடாம சாப்பிடணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது” என்றார். ‘நீர்க்கிறது’ என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே இவர் முகம் மூடிக்கொண்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரே பேச்சு. “துடிக்கற நாடியை அடைச்சிருக்குன்னு சொல்றான். அப்புறம் மாத்திரை விக்கறான். எனக்குத் தெரியாதா இந்த வேலையெல்லாம்?”

முதல் வாரம் ஒரு மாத்திரையைக்கூட அவர் முழுங்கவில்லை. எனக்கு அப்போது தெரியாது. வாயில் போடுகிற மாதிரிப் போட்டு, திரும்பி, சட்டைப் பையில் தள்ளியிருக்கிறார். ஊரெல்லாம் கள்ளத்தனம் பிடிக்கிறவருக்கு அதைச் செய்யவும் தெரிந்திருந்தது.

எட்டாம் நாள் திரும்பப் பரிசோதனைக்குப் போனோம். அதே சிஸ்டர். கிளிப்பை மாட்டினார், அழுத்தினார், அலை படுத்தது. இவர், “மெஷின் சரியா இருக்கா?” என்றார்.

சிஸ்டர் நல்ல மாதிரி. கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்களே பாருங்க” என்று கிளிப்பைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு, தன் மணிக்கட்டை அழுத்தச் சொன்னார். இவர் அழுத்தினார். அலை ஓடிக்கொண்டே இருந்தது. என் விரலில் மாட்டினார், ஓடியது. இவருடைய இடது கையில் மாட்டினார். மெலிசாக, ஆனாலும் ஓடியது. வலது கையில் மாட்டினார், படுத்தது. இவர் நாலு தடவை மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார். நாலு தடவையும் படுத்தது.

“அப்ப நாடி எப்படித் துடிக்குது?”

“கைக்கு ரெண்டு குழாய் வருது சார். இது மூடிக்கிச்சு. சுண்டுவிரல் பக்கத்து ரத்தம் உள்ளங்கையைச் சுத்தி வந்து இங்க தட்டுது. அதைத்தான் நீங்க தொட்டுப் பாக்கறீங்க.”

இவர் மணிக்கட்டைத் திரும்பவும் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, “பக்கத்து வீட்டுப் பாலைத் தன் பாலுன்னு கொண்டு வந்து ஊத்தற மாதிரி” என்றார்.

“அது எனக்குத் தெரியாது சார். ஆனா இந்த மாத்திரை எதையும் கலக்கறது இல்ல. நீர்க்கறதுன்னு நாங்க சும்மா சொல்றோம். ரத்தம் உள்ள உறையாம பாத்துக்குது, அவ்வளவுதான்.”

“உறையாம?”

“ஆமா. பால் உறையற மாதிரி ரத்தமும் உறையும்ல? அது நடக்காம தடுக்கும். தண்ணியெல்லாம் இல்ல.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார் இவர். எட்டு நாளாக அவரைப் பிடித்து ஆட்டியது நீர் என்ற ஒரு வார்த்தைதான். உறை என்றதும் அவருக்குப் பாதி உலகம் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் மாத்திரையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

அவர் அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டார். சத்தியமாகச் சாப்பிட்டார். நம்பாதவள் நான்தான்.

ஏன் நம்பவில்லை என்றால், மூன்றாம் நாள் துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் இரண்டு ரோஸ் மாத்திரை, நனைந்து, பாதி கரைந்து கிடந்தன. என் உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது.

“இது என்னங்க?”

அவர் எட்டிப் பார்த்தார். “அது பழசு. போன வாரத்துது.”

“அப்ப போன வாரம் முழுங்கலையா?”

“முழுங்கல. இப்ப முழுங்கறேன்.”

“என் கண்ணு முன்னாடி போடுங்க, வாயைத் திறந்து காட்டுங்க, நம்பறேன்.”

“நான் என்ன குழந்தையா?” என்று எழுந்து போய்விட்டார். காலை மாத்திரையை நிலையத்துக்கு எடுத்துப் போய்விடுவார், சாயங்கால மாத்திரையைக் கொல்லையில் போட்டுக்கொள்வார். அட்டையில் மாத்திரை சரியாகக் குறைந்துகொண்டு வந்தது. குறைந்தால் என்ன? போன வாரமும்தான் சரியாகக் குறைந்தது. சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். செடித் தொட்டி மண்ணைக் கிளறினேன். குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே எனக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது: மனிதர் நன்றாக மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். இருபத்தொன்பது வருடம் கூடக் குடும்பம் நடத்தினால் அவர் புத்தியும் எனக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளாதா?

மகளிடம் போனில் சொன்னேன். அவள் தூர தேசத்தில் இருக்கிறாள். “அப்பா சாப்பிடுவாரும்மா, விடு” என்றாள். “உனக்கு அவரைத் தெரியாது” என்றேன். பெற்ற பெண்ணிடம் இப்படிச் சொன்னேன் பாருங்கள்.

மறுநாள் அதே மருந்துச் சீட்டைக் காட்டி வேறொரு கடையில் இன்னும் மூன்று அட்டை வாங்கினேன். ஒரு மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கினேன். அவர் பாலில் சர்க்கரையோடு போட்டுக் கலக்கினேன். ரோஸ் தோல் மிதந்ததால் டீ வடிகட்டியில் ஒருமுறை வடித்தேன். யார் வீட்டில் பாலில் என்ன கலக்கிறேன் நான்! ஆனால் நின்று யோசித்தால் அவரைப் பறிகொடுத்துவிடுவேன் என்று தோன்றியது. டம்ளரை நீட்டினேன். வாங்கினார், குடித்தார், மீசையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பதினான்கு நாள்.

இடையில் அவர் தொடையில் நீலமாக ஒரு கன்றல் வந்தது. மேஜை இடித்திருக்கும் என்றார். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. புது பிரஷ் சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். நானும் ஆமாம் போட்டேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பதினைந்தாம் நாள் காலை மூக்கில் ரத்தம் வந்தது. துண்டை வைத்துப் பிடித்தார். நிற்கவில்லை. துண்டு முழுவதும் நனைந்து இன்னொரு துண்டும் நனைந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் என் உயிர் என்னிடம் இல்லை. மூக்குக்குள் துணி வைத்து அடைத்து, ஒரு மணி நேரத்தில் நிறுத்தினார்கள். ரத்தப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். சிஸ்டர் அப்படியே மணிக்கட்டையும் பார்த்தார். கிளிப் மாட்டி அழுத்தினார், அலை படுக்கவில்லை. குட்டையாக, தயங்கித் தயங்கி, ஆனால் ஓடியது.

“திறந்துக்கிட்டு வருது டாக்டர்” என்றார் சிஸ்டர்.

டாக்டர் முகத்தில் சந்தோஷமே இல்லை. “ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை சாப்பிடறீங்க?”

“ரெண்டு. காலைல எட்டுக்கு, சாயங்காலம் எட்டுக்கு” என்றார் இவர், மூக்கடைத்த குரலில்.

“நிச்சயமா? ரத்தத்துல மருந்து ரொம்ப அதிகமா இருக்கு.”

“நிச்சயமா. இதோ எல்லா அட்டையும்.” பையிலிருந்து எடுத்து நீட்டினார். எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அட்டையின் பின்புறம், நான் ஒருநாளும் திருப்பிப் பார்க்காத பக்கத்தில், ஒவ்வொரு குழிக்குக் கீழேயும் தேதியும் நேரமும் பேனாவால் எழுதியிருந்தார், நிலையத்துப் பதிவேட்டில் எழுதுகிற அதே பொடி எழுத்தில். முதல் வாரத்துக் குழிகளுக்குக் கீழே ‘சாப்பிடவில்லை’ என்றே எழுதியிருந்தார்.

மனிதர் மறைக்கவே இல்லை. எழுதி வைத்திருந்திருக்கிறார். கேட்டிருந்தால் காட்டியிருப்பார்.

“மறந்துபோய் இன்னொரு தடவை போட்டிருப்பீங்க” என்றார் டாக்டர். “யோசிச்சுச் சொல்லுங்க. மறைக்காதீங்க.”

“நான் மறைக்கறேனா?” இவர் குரல் உடைந்தது. ஆயுள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்ட கேள்வியை முதல்முதலாக அவரிடம் ஒருவர் கேட்டார். “ரெண்டுதான் டாக்டர். ரெண்டே ரெண்டு.”

டாக்டர் பேனாவை மூடினார். “அப்ப இந்த அளவையே உங்க உடம்பு தாங்கலேன்னு அர்த்தம். காரணம் தெரியாம இந்த மருந்தை என்னால தொடர முடியாது. நிறுத்தறேன்.”

“நிறுத்தினா கை?” என்று சிஸ்டர் கேட்டார்.

“பாதிதான் திறந்திருக்கு. திரும்ப மூடிக்கலாம். வேற வழி இல்ல.”

இவர் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் இருபத்தொன்பது வருடத்துக் குடும்ப மானம் மிஞ்சும், அந்தக் குழாய் மூடிக்கொள்ளும், ஆள் மிஞ்சமாட்டார். திறந்தால் இந்த மனிதர் தன் ஜென்மத்தில் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கமாட்டார். பாலில் கலப்படம் செய்தவள், அதுவும் அவர் பாலில்!

“நான்தான் டாக்டர்” என்றேன். “பொடி பண்ணிப் பால்ல போட்டேன். தினமும் ரெண்டு. இவர் சாப்பிடலேன்னு நெனச்சேன்.”

சிஸ்டர் வாயில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். “ஆளைக் கொன்னிருப்பீங்கம்மா” என்று மட்டும் சொன்னார். “கை திறந்தது அவர் சாப்பிட்ட ரெண்டுல. நீங்க கூடப் போட்டதால ரத்தப்போக்குதான் வந்துச்சு. புரியுதா?” என்றார். தலையாட்டினேன். கண்ணீர் தரையில் சொட்டியது.

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரிடம் சொன்னார். “காரணம் தெரிஞ்சுபோச்சு இல்ல? ரெண்டுன்னு எழுதிக்குங்க. மருந்தை நிறுத்த வேணாம்.”

இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். பிறகு பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தோம். இடி இப்போது விழும், இப்போது விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அவர் தூக்கில் பால் கொண்டுவந்தார். நான் காய்ச்சினேன். இனி தானே காய்ச்சிக்கொள்வார், டம்ளரை வாங்காமல் திருப்பிவிடுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். வாங்கினார், குடித்தார், மீசையைத் துடைத்துக்கொண்டார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எதற்காக இப்படி ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறார்? உள்ளுக்குள் என்னத்தைச் சேர்த்து வைக்கிறார்? தூக்கம் வராமல் புரண்டேன். வாயைவிட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஐந்து வாரம் என்றது ஆறு வாரம் ஆயிற்று. கடைசிப் பரிசோதனையில் சிஸ்டர் அழுத்தினார்; அலை நிமிர்ந்து ஓடியது. இவர் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. வலது மணிக்கட்டு வழியாகவே போய் ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே டாக்டர் வந்து “நல்லா முடிஞ்சுது” என்றபோது அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வார்டில் கையை நீட்டிப் படுத்திருந்தார். சிஸ்டர் நேரத்துக்கு வந்து பட்டையில் காற்றை எடுத்துவிட்டுப் போனார். இவர் மறுப்பேதும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லை. மத்தியான வெயில் ஜன்னலில் அடித்தது. இனி பொறுக்க முடியாது, எதுவானாலும் இப்போதே விழட்டும் என்று கேட்டுவிட்டேன்.

“என்னங்க, பால்ல நான் போட்டது உங்களுக்குத் தெரியவே இல்லையா?”

“முதல் நாளே தெரிஞ்சுது” என்றார் சாவதானமாக. “அடியில ரோஸா மண்டி நின்னுது. நாக்குல கசந்துது.”

“என்னன்னு நெனச்சீங்க?”

“நீ ஏதோ போட்டிருக்கேன்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சுமா பதினாலு நாள் குடிச்சீங்க? ஊர்ப் பால் அத்தனையும் சோதிக்கறீங்களே, அதைச் சோதிச்சுப் பாக்கத் தோணலையா?”

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்பதே அவருக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“உன்னையா?” என்றார்.

தொட்டி மண்ணைக் கிளறினவள் நான், குப்பைக் கூடையைக் கவிழ்த்தவள் நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.